பாலம் கடவாத பத்திரிகை

ஜொகூர்ப் பாலம் திறக்கப்பட்டு நூறாண்டு நிறைந்துவிட்டது. 1924-ஆம் ஆண்டு முதல் அதன்மீது போகாதது எது? ரயில் போயிற்று, ரப்பர் போயிற்று, காய்கறியும் மீனும் போயின, கூலி நாடிய நம்மவரும் போயினர். இன்றும் பொழுது விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் வரிசை வரிசையாக ஆயிரமாயிரம் பேர் அக்கரை வேலைக்குப் போகின்றனர். 1962-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஜொகூர் ஆற்றுநீர் நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை, ஆயிரம் காலன் மூன்று சென் விலையில், அக்கரைக்குப் போகின்றது; சுத்தம் செய்த நீரில் ஒரு பங்கு இக்கரைக்குத் திரும்பி வருகின்றது. ஆனால் ஒரே ஒரு பொருள் மட்டும் இந்தப் பாலத்தைக் கடப்பதில்லை. அது காலையில் நாம் பிரித்துப் படிக்கும் அச்சுத்தாள்! சிங்கப்பூர் நாளேடு ஜொகூர் பாருக் கடையில் விற்பதில்லை. மலேசிய நாளேடு சிங்கப்பூர்க் கடையில் விற்பதில்லை. இரு நாட்டுச் சட்டங்களும் மற்ற நாட்டுப் பத்திரிகைக்கு அனுமதிச் சீட்டுக் கேட்கின்றன, சீட்டோ கிடைப்பதில்லை.

எப்போதும் இப்படி இருந்ததா? இல்லை. 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி அவர்கள் தொடங்கிய 'தமிழ் முரசு' அக்காலத்தில் இப்பாலத்தைத் தடையின்றிக் கடந்தது. தோட்டத்து லயத்தில் எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் குந்தியிருந்து கேட்டனர். சீர்திருத்தம் என்னும் சொல் பலருக்கு முதன்முதலாகக் காதில் விழுந்தது அவ்வாறுதான். 1965-இல் சிங்கப்பூர் தனிநாடான பிறகே, நீருக்குத் திறந்திருந்த மதகு செய்திக்கு அடைபட்டது. பக்கத்து வீட்டான் நம்மைப்பற்றி என்ன எழுதுகின்றான் என்று குடிகள் அறியலாகாது என்பது இருபுறத்து ஆட்சியாளருக்கும் ஒத்த கருத்தாய்ப் போயிற்று. எத்தனையோ விஷயங்களில் வழக்காடும் இரு அரசுகள் இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமையாய் இருப்பதைக் கண்டு நாம் மகிழ்வதா, நாணுவதா?

பத்திரிகைக்கு முன்னரே பத்திரிகாசிரியருக்கு இப்பாலம் அடைபட்டது என்பதையும் நினைவூட்டுவோம். 'உத்துசான் மெலாயு' என்னும் மலாய்ப் பத்திரிகை 1939-இல் யூசுப் இஸ்ஹாக் முதலியோரால், டாக்சி ஓட்டுவோரும் சிறு வியாபாரிகளும் கொடுத்த சிறுசிறு பங்குப் பணத்தில் பிறந்தது. அதை ஆளுங்கட்சி தன் கைக்குள் கொண்டுவர முயன்றபோது, 1961 ஜூலையில் அதன் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 90 நாட்களுக்கு மேல் நின்று தோற்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆசிரியர் சையித் சஹாரி இடையில் சிங்கப்பூர் சென்றார். மலாயா சர்க்கார் அவர் திரும்பி நுழையத் தடை விதித்தது. அக்கரையிலாவது அவருக்கு நிழல் கிடைத்ததா? 1963 பிப்ரவரியில் அங்குச் சிறைப்பட்டவர், விசாரணையே இன்றிப் பதினாறு ஆண்டுக்கு மேல் கழிந்து 1979-இல்தான் வெளிவந்தார். ஒரு கரையில் கதவடைப்பு, மறு கரையில் சிறை. அவர் செய்த முதற்குற்றம், பத்திரிகை கட்சிக்கு அடிமையாகலாகாது என்றது!

லைசென்சு முறையின் வரலாறும் இதற்குக் குறைந்ததன்று. 1948-இல் அவசரகாலத்தை ஒட்டி வெள்ளையர் செய்த அச்சகச் சட்டமே 1984-ஆம் ஆண்டு அச்சக வெளியீட்டுச் சட்டத்திற்கு மூலம். வெள்ளையன் போனான்; அவன் பூட்டு போகவில்லை; சாவி மட்டுமே கை மாறிற்று. 1987 அக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சிறையிட்டபோது 'ஸ்டார்', 'சின் சியூ', 'வத்தான்' என்னும் மூன்று ஏடுகளின் அனுமதி பறிக்கப்பட்டது. அவ்வாண்டுத் திருத்தம் மந்திரியின் முடிவை நீதிமன்றத்தில் வினவும் வழியையும் அடைத்தது. நம் தமிழ் ஏடும் தப்பவில்லை. 2007 ஆகஸ்டில் ஒரு படத்தின் பொருட்டு 'மக்கள் ஓசை' ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்படம் தவறுதான், ஆனால் தவறு செய்தவன் மன்னிப்புக் கேட்ட பின்னரும், குற்றஞ்சாட்டுபவரே நீதிபதியாய் அமர்ந்து தீர்ப்பளிப்பது எந்த ஊர் நியாயம்? 2012-இல் ஆண்டுதோறும் லைசென்சு புதுப்பிக்கும் தொல்லை நீங்கிற்று. நீதிமன்ற வழியும் திறந்தது. அதன் பலனை 2015-இல் கண்டோம். மூன்று மாதம் நிறுத்தப்பட்ட 'எட்ஜ்' ஏடுகளின் தடையை உயர்நீதிமன்றம் சில வாரங்களில் தள்ளுபடி செய்தது. ஒரு திருத்தம் இவ்வளவு செய்யுமாயின், சட்டமே ஒழிந்தால் என்ன ஆகாது? 2025-இல் இயற்றப்பட்ட ஊடக மன்றச் சட்டத்தை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் அது பழைய பூட்டைக் கழற்றவில்லை என்பதைச் சொல்லாது விடோம்.

இதுவரை கூறியது சர்க்காரின் குற்றம். இனி நம் குற்றத்தைப் பேசுவோம், அதுவே கசப்பானது.

"லைசென்சு போய்விடும், பிள்ளைகுட்டிக்காரர்கள், என்ன செய்வது?" என்று நம் பத்திரிகைக்காரர் சிலர் கூறுவதுண்டு. அவர்களை நாம் கேட்கின்றோம்: அச்சத்தால் ஓர் உண்மையை எழுதாது விட்டீர்கள், அது போகட்டும். தலைவர் பிறந்தநாளுக்கு முழுப்பக்கப் படம் போடுமாறு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு உங்களுக்குக் கட்டளையிட்டது? தோட்டம் விற்கப்பட்டு லயத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவனின் குறையை ஆறாம் பக்கத்து மூலையில் நாலு வரியாக்கி, பொன்னாடை போர்த்திய செய்தியை முதற்பக்கத்தில் விரிக்கும்படி எந்த மந்திரி ஆணையிட்டார்? லைசென்சு வாயைக் கட்டும். புகழ் பாடச் சொல்லாது. அந்தப் பாட்டு நாமே விரும்பிப் பாடியது. வாய்க்கட்டு பிறர் போட்டது. துதிபாடல் நம் சொந்தச் சம்பாத்தியம்!

'தமிழ் நேசன்' கதையைப் பாருங்கள். 1924-இல், பாலம் திறந்த அதே ஆண்டில், பிறந்த ஏடு அது. அதன் ஆசிரியர் குழுவில் இருந்த ஆர். எச். நாதன், 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகவும் மானத்துக்காகவும் முன்னின்றார். கள்ளுக்கடை ஒழிய வேண்டும், துரையைக் கண்டு சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு தொலைய வேண்டும் என்ற கோரிக்கைகள் எழுந்தன. வெள்ளையர் அவரைப் பிடித்து நாடு கடத்தினர். பிற்காலத்தில் அதே ஏடு ம.இ.கா. தலைவர் ஒருவரின் குடும்பத்தார் வசமாயிற்று. கட்சிக்குள் எதிர்க்கோஷ்டிக்கு வேறோர் ஏடு. கோஷ்டிச் சண்டையில் இரு ஏடுகள் மோத, தோட்டத்தான் காசு கொடுத்து அந்தச் சண்டையை வாங்கிப் படித்தான். 2018-இல் ஆட்சி மாறிற்று. 2019 ஜனவரி முடிவில் நஷ்டம் தாங்காமல் 'தமிழ் நேசன்' மூடப்பட்டது. வெள்ளையன் ஆட்சியிலும் யுத்தத்திலும் மாளாத ஏடு அது! மூடிய அன்று எத்தனை தோட்டங்களில், எத்தனை பட்டணத் தெருக்களில் நம்மவர் திரண்டெழுந்து 'எங்கள் பத்திரிகை' என்றனர்? கட்சியின் பத்திரிகைக்குக் கட்சிதான் அழ வேண்டும்.

கைப்பேசியில் எல்லாம் வருகின்றதே, பாலமும் லைசென்சும் இனி எதற்கு என்பாரும் உளர். வருகின்றது, உண்மை. ஆனால் கயிறும் கூடவே வருகின்றது. 2021 பிப்ரவரியில், வாசகர் எழுதிய கருத்துகளுக்காக 'மலேசியாகினி' இணைய ஏட்டுக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. அடுத்து நடந்ததைத்தான் நம்மவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சில மணி நேரத்துக்குள் பொதுமக்கள் அத்தொகையைத் திரட்டிக் கொடுத்துவிட்டனர். 1939-இல் டாக்சிக்காரர் கொடுத்த பங்குப்பணத்தின் மறுபிறப்பு அது. எவன் காசில் பத்திரிகை நடக்கின்றதோ அவனுக்கே அது அஞ்சும். வாசகன் காசில் நடந்தால் வாசகனுக்கு அஞ்சும்.

ஆகையால், தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தோழர்களே! சட்டத்தை மாற்றச் சட்டமன்றத்தாரைக் கேளுங்கள். வோட்டுக் கேட்டு வருபவரிடம் இதையும் ஒரு கேள்வியாக வையுங்கள். ஆனால் அதற்குக் காத்திராமல் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குங்கள். வாங்கியதில் துதிபாடலைக் கண்டால் கடிதம் எழுதிக் கண்டியுங்கள். உண்மை எழுதியவனுக்கு இடர் வந்தால் அவன் பக்கம் நில்லுங்கள். எழுதும் தோழர்களுக்கும் ஒன்று கூறுவோம். எழுத முடியாத உண்மைக்காக உங்களை நாம் மன்னிப்போம்; எழுதிய பொய்க்காக ஒருநாளும் மன்னியோம். ஜொகூர்ப் பாலத்தைத் திறக்கும் சாவி மந்திரிமார் கையில் இருக்கலாம். பேனாவின் மூடியைத் திறக்கும் கை உங்களுடையது.