ஊர் சொல்லும் தீர்ப்பு

2018 மே 9. குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி, போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் காரில் வந்தது ஒரு குடும்பம். வண்டி நின்ற இடத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காரில் வந்த 65 வயது அம்மா அவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தார். எந்த வீட்டுப் பாட்டியும் செய்கிற காரியம்தான். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் "பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. சாக்லேட்டே சாட்சியாகிவிட்டது. கூட்டம் அடித்ததில் அந்த அம்மா இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். இதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் நம் குடியாத்தம் பக்கத்தில், இந்தி பேசிய ஒருவர் இதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார்.

குற்றச்சாட்டு, சாட்சி, தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிட்டன. விட்டுப்போனது விசாரணை மட்டும்.

ஊராரையே உட்கார வைத்துத் தீர்ப்புக் கேட்ட ஜூரி முறை இந்தியாவில் ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது குற்ற வழக்குகளில் ஜூரிக்கு இடமில்லாமல் போனது. கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்குதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. 1958-லேயே சட்ட ஆணையம் தன் 14-ஆவது அறிக்கையில் ஜூரி முறை இங்கே தோற்றுவிட்டது, எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்திருந்தது. நானாவதி சுட்டதே 1959-இல்தான். ஆனாலும் அந்த வழக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. 'பிளிட்ஸ்' வார இதழ் அந்தக் கடற்படை அதிகாரியை வாரா வாரம் நாயகனாக்கியது. ஜூரியில் ஒன்பது பேரில் எட்டுப் பேர் அவர் குற்றவாளி இல்லை என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அது விதித்த ஆயுள் தண்டனையை 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' படம் ஓடிக்கொண்டிருந்த காலம். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதிய 'இந்து நேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். பாகவதரும் நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஊரே இரண்டு கட்சியாகப் பேசியது. ஜூரியில் ஆறு பேர் குற்றவாளிகள் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருவரும் விடுதலையானார்கள். அப்போது அவர்களுக்காக வாதாடியவர் நம் வேலூரில் பிறந்த வி.எல். எத்திராஜ். விடுதலைக்குப் பிறகும் பாகவதரின் பழைய புகழ் திரும்பவில்லை. அந்த ஆறு பேர் எதை நம்பி அப்படிச் சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஜூரி காரணம் எழுதித் தர வேண்டியதில்லை. நீதிபதி எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியதில் ஓட்டை இருந்தால் மேல்முறையீட்டில் பிடித்துவிடலாம். ஊர் சொல்லும் தீர்ப்பும் காரணம் எழுதாத தீர்ப்புதான். அதற்கு மேல்முறையீடும் கிடையாது.

ஜூரியில் உட்காருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. மனித மனம் வேலை செய்கிற விதம் அப்படி. எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1974-இல் வெளியான ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார். சிலரிடம் "கார்கள் மோதியபோது என்ன வேகம்?" என்றும் சிலரிடம் "நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்றார். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆனால் "நொறுங்க" என்று கேட்கப்பட்டவர்களில் 50 பேருக்கு 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். மற்றவர்களில் 50 பேருக்கு 7 பேர். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினார்கள். நம் தெருவில் ஒரு திருட்டு நடந்தால் முதலில் எழும் கேள்வி என்ன? "யாரைப் பார்த்தீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. "அந்த வடக்கத்திப் பையன்தானே ஓடினான்?" என்றுதான் கேட்கிறோம். சாட்சியை நாமே தயார் செய்துவிட்டு, அப்புறம் சாட்சி இருக்கிறது என்கிறோம்.

யார் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். இலங்கையில் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006-இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, சிங்களம் பேசும் ஜூரி குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அந்த ஜூரி நேர்மையாகவே முடிவெடுத்திருக்கலாம். ஆனால் ஒரே பக்கத்து ஆட்கள் சொன்ன தீர்ப்பை மறுபக்கம் நம்பவில்லை. உளவியலாளர் சாமுவேல் சோமர்ஸ் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. வெள்ளையரும் கறுப்பரும் கலந்த மாதிரி ஜூரிகள் அதிக நேரம் பேசின, வழக்கின் விவரங்களை அதிகம் அலசின. அந்தக் கலந்த குழுக்களில் வெள்ளையர்களேகூடத் தவறான தகவலைக் குறைவாகச் சொன்னார்கள். வேறு ஆள் பக்கத்தில் இருந்தால் நாக்கு கொஞ்சம் யோசித்துப் பேசுகிறது.

இது ஏலகிரி அடிவாரத்துக்கு நேரடியாகப் பொருந்துகிற விஷயம். மலைமேல் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள், வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் கார்கள், கீழே ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் உள்ளூர்ப் பெண்களோடு வேலை செய்கிற வெளிமாநிலத்துக்காரர்கள், ஜமாஅத், கோயில் கமிட்டி, சர்ச். இவ்வளவு பேர் கலந்து பிழைக்கும் இடத்தில் ஒரு ஃபார்வர்டு போதும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, தொழிலாளர்கள் பயந்து ரயிலேறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. அப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் நாம். அன்றைக்கு நமக்குப் பட்ட கோபம் நினைவிருந்தால், மற்றவனைக் கூண்டில் ஏற்றும்போதும் அது நினைவுக்கு வர வேண்டும்.

மலையூர்களில் பெரியவர்கள் கூடி வரப்புத் தகராறையும் கணவன் மனைவி சண்டையையும் பேசி முடிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோர்ட்டுக்கு அலைகிற செலவு மிச்சம். ஆனால் சாதியின் பெயரால் தண்டிக்கும் கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது. ஆகவே பேசி முடிக்கிற இடத்திலும் ஒழுங்கு வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பேசி முடிக்கும் வரை பெரியவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது, சொன்னால் மற்றவர்கள் அவர் வாயையே பார்ப்பார்கள். பெண்களும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் அந்த வட்டத்தில் உட்கார வேண்டும். கம்பெனி நிர்வாகங்கள் புதிதாக வந்த தொழிலாளியைப் பக்கத்துத் தெருவுக்கு அறிமுகப்படுத்தலாம். பேர் தெரிந்தவன்மீது கை ஓங்குவது கடினம். வழக்கறிஞர் சங்கங்களுக்கும் ஒரு சொல்: குற்றம் சாட்டப்பட்ட இன்னாருக்கு ஆஜராக மாட்டோம் என்று தீர்மானம் போடுவது செல்லாது என 2010-இல், கோவை வழக்கறிஞர்களின் தீர்மானம் ஒன்றைப் பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊர் கொதிக்கும்போது நிதானமாக நிற்க வேண்டியவர்கள் கறுப்பு அங்கி போட்டவர்கள். பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. "சந்தேக நபர்" இரண்டாம் பத்தியில் "கொடூரன்" ஆவதை நாங்கள்தான் அச்சிடுகிறோம்.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனை ஒன்று நம்பிக்கை தருகிறது. மூன்று கோடுகளில் எது மாதிரிக் கோட்டின் நீளம் என்று கேட்டார். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் முன்பே பேசிவைத்த மற்றவர்கள் எல்லோரும் தவறான கோட்டைக் காட்டியபோது, நடப்பது தெரியாத அந்த ஒருவரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை அவர்களோடு சேர்ந்து தவறாகச் சொன்னார். பிறகு, சரியாகச் சொல்லும் ஓர் ஆளை மட்டும் அந்தக் குழுவில் சேர்த்தார். கூட்டத்துக்குத் தலையாட்டுவது கால் பங்காகக் குறைந்துவிட்டது.

அந்த ஓர் ஆளாக நீங்கள் இருங்கள். "யார் சொன்னது? நீ பார்த்தியா?" என்று ஒரு தடவை சத்தமாகக் கேளுங்கள். கை ஓங்குகிறவனின் கையைப் பிடியுங்கள், 100-க்கோ 112-க்கோ போன் போடுங்கள், போலீஸ் வரும் வரை அந்த ஆளை விட்டு நகராதீர்கள்.