மீண்டும் எடுத்த 'பென்ஹர்' ஏன் தோற்றது?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி)

சென்ற தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நம் பள்ளி மண்டபத்தில் 'பென்ஹர்' திரைப்படத்தைக் காட்டினார்கள். 1959-ஆம் ஆண்டு வெளிவந்த பழைய படம். மூன்றரை மணி நேரத்திற்கும் மேலே ஓடுவது! உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதல் அரைமணி நேரம் நான் கொட்டாவியை அடக்குவதிலேயே கழித்தேன். ஆனால் படம் முடிந்து விளக்குகளைப் போட்டபோது எங்கள் வரிசையில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு வாரங்களுக்குப் பின், 2016-இல் புதிதாக எடுக்கப்பட்ட 'பென்ஹர்' படத்தை என் சித்தப்பா மகன் வீட்டில் பார்த்தேன். அதே கதை, அதே எருசலேம், அதே தேர்ப் பந்தயம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முடிந்ததும் எல்லாரும் உடனே எழுந்து சாப்பிடப் போய்விட்டோம்.

இதைப்பற்றிப் பேச்சு வந்தபோது பெரியவர் ஒருவர், "இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது? கையில் செல்போன் இருந்தால் போதும். அதனால்தான் இப்படிப்பட்ட சரித்திரப் படங்கள் இப்போது ஓடுவதில்லை" என்றார். அவருக்கு அப்போது பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இங்கே சொல்கிறேன். எங்களுக்குப் பொறுமை இல்லை என்பதே காரணமானால், சுருக்கமாகவும் வேகமாகவும் எடுத்த புதிய படம் அல்லவா வென்றிருக்க வேண்டும்? சுமார் 10 கோடி டாலர் செலவில் எடுத்த அப்படம், உலகம் முழுவதும் ஓடியும் அந்தப் பத்துக் கோடியை வசூலிக்கவில்லை. திரையரங்குகளுக்கு உரிய பங்கையும் கழித்துப் பார்த்தால் நட்டம் இன்னும் பெரிது. பழைய படத்திற்கு ஆன செலவு சுமார் ஒன்றரைக் கோடி டாலர். அந்நாளில் வேறெந்தப் படத்திற்கும் அவ்வளவு செலவானதில்லை. அதை எடுத்த எம்.ஜி.எம். நிறுவனம் முழுகிப்போகும் நிலையில் இருந்ததாம். இந்தப் படம்தான் அதைக் கரையேற்றியது. பதினொரு ஆஸ்கார் விருதுகளும் கிடைத்தன.

'ஒருமுறை எடுத்ததை மறுபடி எடுப்பதே தவறு' என்று சிலர் சொல்வார்கள். அதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1959-ஆம் ஆண்டுப் படமே மறுபடி எடுத்த படம்தானே! லூ வாலஸ் என்ற அமெரிக்கப் படைத்தலைவர் இக்கதையை நாவலாக வெளியிட்டது 1880-இல். 1899-இல் அது நாடகமாக மேடையேறியது. மேடையிலே உண்மையான குதிரைகளை, அடியில் உருளும் பலகைகளின்மேல் ஓடவிட்டுத் தேர்ப் பந்தயம் காட்டினார்களாம்! 1925-இல் அது ஊமைப்படமாக வந்தது. அந்தப் படத்தில் உதவியாளராக ஓடியாடி வேலை செய்த இளைஞர்களில் ஒருவர்தான் வில்லியம் வைலர். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அவரே இயக்குநராகி அதே கதையைத் திரும்ப எடுத்தார். 'பத்துக் கட்டளைகள்' படமும் அப்படியே. செசில் பி. டிமில் 1923-இல் ஊமைப்படமாக எடுத்தவர், 1956-இல் தாமே மறுபடியும் எடுத்தார். இன்று நமக்கு நினைவிருப்பது இரண்டாவது படமே அன்றோ!

அப்படியானால் குறை எங்கே?

முதலில் எல்லாரும் சொல்வது கம்ப்யூட்டர் வேலையைப் பற்றி. இதில் ஓரளவு உண்மை உண்டு. பழைய படத்திற்காக ரோமாபுரியிலே பதினெட்டு ஏக்கர் பரப்பில் பந்தயக் களம் கட்டினார்கள். கதாநாயகனாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டனும், மெசாலாவாக நடித்த ஸ்டீபன் பாய்டும் தேர் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஓரிடத்தில் தேர் எகிற, பென்ஹர் முன்புறமாகத் தூக்கி எறியப்பட்டு மறுபடி பற்றி ஏறுகிறான் அல்லவா? ஹெஸ்டனுக்குப் பதிலாக ஓட்டிய வீரர் உண்மையிலேயே தூக்கி எறியப்பட்டார். மோவாயில் வெட்டுக்காயத்தோடு தப்பினார். அந்தக் காட்சியை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார்கள். அதைப் பார்க்கும்போது நம் வயிறு கலங்குகிறது. புதிய படத்திலும் உண்மையான குதிரைகளே ஓடின. ஆனால் கம்ப்யூட்டரால் எதையும் காட்ட முடியும் என்று அறிந்துவிட்ட நம் கண்கள் எதையும் நம்ப மறுக்கின்றன. தேர் நொறுங்கினால் 'நன்றாகச் செய்திருக்கிறார்கள்' என்கிறோம், 'ஐயோ!' என்று சொல்வதில்லை.

ஆனாலும் இதுவே முழுக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 1956-ஆம் ஆண்டுப் படத்தில் செங்கடல் பிளந்ததும் தந்திரக் காட்சிதான். பெரிய தொட்டிகளில் தண்ணீரைக் கொட்டிப் படம் பிடித்து, அதைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டினார்கள். இன்று பார்த்தால் ஓரங்களில் பிசிறு தெரிகிறது. ஆனாலும் மெய்சிலிர்க்கிறது, எடுத்தவர் அந்த அற்புதத்தை மனமார நம்பி எடுத்ததுதான் காரணமோ என்னவோ. 2014-இல் ரிட்லி ஸ்காட் அதே விடுதலைப் பயணக் கதையை எடுத்தபோது, கடல் பிளக்கவில்லை, வற்றுவதுபோல் வடிந்துபோகிறது. நம்பாதவர்களும் மனம் கோணாதபடி எடுத்தால், நம்புகிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது தண்ணீர்க் காட்சி. அடிமையாக இழுத்துச் செல்லப்படும் பென்ஹர் நாசரேத்தில் தாகத்தால் விழுகிறான். அவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று தலைவன் கட்டளையிடுகிறான். அப்போது ஒரு கரம் நீர் வார்க்கிறது. அதட்ட வந்த படைத்தலைவன் அவரை ஏறிட்டுப் பார்க்கிறான். வாய் பேசாமல் திகைத்து விலகுகிறான். நமக்கு அவன் முகம் மட்டுமே தெரிகிறது. இயேசுவின் முகத்தை அந்தப் படம் கடைசிவரை காட்டுவதே இல்லை. 1925-ஆம் ஆண்டுப் படத்தில் அவர் கை மட்டும்தான். 1899-ஆம் ஆண்டு நாடகத்திலோ, வாலஸ் அவர்களே கேட்டுக்கொண்டபடி ஓர் ஒளிக்கற்றை மட்டும்! புதிய படத்தில் ரோட்ரிகோ சான்டோரோ என்ற நடிகர் இயேசுவாக முகம் காட்டிப் பேசுகிறார். தச்சுவேலை செய்தபடியே பகைவரை நேசிப்பதைப் பற்றிப் பென்ஹருக்கு எடுத்துச் சொல்கிறார். அவர் நடிப்பில் குறையில்லை. ஆனால் பழைய படத்தில் அந்தப் படைவீரனின் முகத்தைப் பார்த்துவிட்டு, 'அவர் எப்படிப் பார்த்திருப்பார்?' என்று அன்றிரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். புதிய படத்தில் நினைக்க எதையும் மீதி வைக்கவில்லை.

அடுத்தது நேரம். பழைய படத்தில் தேர்ப் பந்தயம் முடிந்தபின்னும் படம் நெடுநேரம் ஓடுகிறது. வென்றவனுக்கு மகிழ்ச்சி இல்லை. சாகக் கிடக்கும் மெசாலா, 'உன் தாயும் தங்கையும் தொழுநோயாளரோடு இருக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டுச் சாகிறான். பழிவாங்கியவன் கையில் மிஞ்சியது வெறும் கசப்பு. அந்தக் கசப்பை அவன் சுமந்து திரிவதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. கல்வாரிப் பாதையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடும்போதுதான், தனக்கு முன்பு நீர் வார்த்தவர் அவரே என்று அவன் அறிகிறான். புதிய படத்தில் மெசாலா சாகவில்லை; ஒரு காலை இழந்து உயிரோடிருக்கிறான். சிலுவை மரணத்தைக் கண்டு திரும்பும் பென்ஹர் அவனைத் தேடிப் போகிறான். சிறிது நேரம் சினம், பிறகு கண்ணீர், பிறகு தழுவல். அதன்பின் இருவரும் குதிரையேறிச் செல்கிறார்கள்!

என் தோழி ஒருத்தி இதை மறுக்கிறாள். "செத்தவனை மன்னிப்பது எளிது. உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பவனை மன்னிப்பதல்லவா கடினம்? புதிய படம்தான் சுவிசேஷத்திற்கு நெருக்கம்" என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் உறவில் ஓர் அண்ணனும் தம்பியும் வேலித் தகராறில் பேச்சை விட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே பூசைக்கு வருவார்கள். ஆளுக்கொரு வாசல் வழியாகப் போவார்கள். சமாதானம் அறிவிக்கும் நேரத்தில் இருவரும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சேரவேண்டும் என்று எங்கள் பாட்டி சொல்லாத ஜெபமாலை இல்லை. ஆகவே தோழியின் முடிவு நல்ல முடிவுதான். ஆனால் அதற்கு ஐந்து நிமிடம் போதாது! மன்னிப்பைக் காட்ட விரும்பிய படம் அதற்குத்தான் நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறது. தேர் ஓட வேண்டிய அளவு ஓடிற்று. மனம் மாறத்தான் நேரம் இல்லாமற் போயிற்று.

புதிய படத்தில் எல்லாமே மோசம் என்று நான் சொன்னதாக யாரும் நினைக்கவேண்டாம். கடற்போரைக் கப்பலின் அடித்தளத்தில் துடுப்பு வலிக்கும் அடிமையின் கண்ணாலேயே காட்டுகிறார்கள். வெளியே என்ன நடக்கிறதென்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. துடுப்புத் துளை வழியே தெரிவது மட்டும்தான். பழைய படத்தின் பொம்மைக் கப்பல்களைவிட இது எவ்வளவோ மேல். இப்படித் தாங்களாக ஒன்றைக் கண்டு சொன்ன இடம் அந்தப் படத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பக்திப் படங்களுக்கு இன்று கூட்டம் வராது என்பதும் தவறு. 2004-இல் மெல் கிப்சன் எடுத்த இயேசுவின் பாடுகள் படத்தில் எல்லாரும் அரமேய மொழியிலும் இலத்தீனிலும் பேசினார்கள். அடியில் எழுத்துகளைப் படித்துக்கொண்டே கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். ஜெர்மனியில் ஓபரம்மர்காவ் என்ற மலையூரில், கொள்ளைநோய்க்குப் பயந்து நேர்ந்துகொண்ட ஊரார் 1634-ஆம் ஆண்டு முதல் பாடுகளின் நாடகத்தை நடத்தி வருகிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது அது. 2020-இல் நடக்கவேண்டியது பெருந்தொற்றால் 2022-இல் நடந்தது. நம் பங்குகளில் போடும் பாஸ்கா நாடகத்தையும் நினைத்துப் பாருங்கள். யூதாஸ் யார், பிலாத்து என்ன சொல்வான் என்று தெரியாதவர் யார்? பாய் கொண்டுவந்து இடம் பிடிக்கிறோமே!

1995-இல் வத்திக்கான் சிறந்த திரைப்படங்கள் என நாற்பத்தைந்து படங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் 1959-ஆம் ஆண்டு 'பென்ஹரும்' உண்டு. இந்தச் செய்தியைக் காட்டித்தான், வருகிற தவக்காலத்தில் 1925-ஆம் ஆண்டு ஊமைப்படத்தையும் மண்டபத்தில் காட்ட வேண்டும் என்று சிஸ்டரிடம் விண்ணப்பித்திருக்கிறோம். "பேச்சே இல்லாத படத்தில் நீங்கள் உறங்கிப் போவீர்கள்" என்கிறார். நான் உறங்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் பெஞ்சுத் தோழி மட்டும் எதற்கும் தலையணை எடுத்து வருகிறாளாம்.