மிச்சமிருந்தது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை! - அணு உலையின் மூடியைத் தின்ற வெள்ளைப் பவுடர்

கேரம் போர்டில் காய்கள் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக ஒரு சிட்டிகை வெள்ளைப் பவுடர் தூவுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? போரிக் பவுடர். சில வீடுகளில் கரப்பான்பூச்சிக்காகச் சர்க்கரையோடு பிசைந்து உருட்டி, அலமாரிக்குப் பின்னால் வைப்பதும் அதைத்தான். பார்க்க அவ்வளவு சாதுவான பொருள், அமெரிக்காவில் ஓர் அணு உலையின் மூடியில் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் தடிமனுள்ள எஃகை அரித்துத் தின்றிருக்கிறது. அதுவும் ஒரே நாளில் அல்ல. வருடக்கணக்காக, ஆய்வாளர்கள் தினமும் நடமாடிக்கொண்டிருந்த ஒரு நிலையத்தில்!

ஒஹாயோ மாகாணத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையம். 1978-ல் முழுவீச்சில் மின்சாரம் தர ஆரம்பித்தது. திறன் சுமார் 900 மெகாவாட். சம்பவம் நடந்தபோது அதை நடத்திக்கொண்டிருந்தது ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற நிறுவனம்.

இந்த வகை உலையைப் புரிந்துகொள்ள வீட்டு பிரஷர் குக்கரை நினைத்துக்கொண்டால் போதும். உள்ளே தண்ணீர் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும், ஆனால் கொதிக்காது. காரணம், வெளியே இருக்கும் காற்றழுத்தத்தைப்போல சுமார் 150 மடங்கு அழுத்தத்தில் அதை அடைத்து வைத்திருப்பார்கள். அணுப்பிளவின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்க அந்தத் தண்ணீரில் போரிக் அமிலம் கலப்பார்கள். குக்கருக்கு இருப்பதுபோலவே இதற்கும் ஒரு மூடி உண்டு. தடிமனான எஃகு, உட்புறத்தில் மட்டும் துருப்பிடிக்காமல் இருக்க மெல்லிய எவர்சில்வர் பூச்சு. அந்த மூடியைத் துளைத்துக்கொண்டு 69 குழாய்கள் நிற்கும். பெரும்பாலான குழாய்கள் வழியாகத்தான் உலையின் கட்டுப்பாட்டுக் கம்பிகள் மேலும் கீழும் போய்வரும்.

அந்தக் குழாய்களில் ஒன்றில் மயிரிழை போல ஒரு விரிசல். அவ்வளவுதான் ஆரம்பம்.

விரிசல் வழியே கசிந்த தண்ணீர் ஆவியாகிவிடும். போரிக் அமிலம் மட்டும் மூடியின் மேல் படியும். உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் குழாய் முனையில் வெள்ளையாகப் பூக்குமே, அந்த மாதிரி. 'உலர்ந்த பொடிதானே, சூடான எஃகின் மேல் சும்மா கிடக்கும்' என்றே நினைத்தார்கள். அது பாதி உண்மை. உலர்ந்து கிடந்தால் பெரிய தொந்தரவில்லை. அடியில் கசிவு நிற்காமல், பொடி ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் கதை வேறு. அப்போது அது எஃகைக் கரைக்கும் அமிலம்.

சிவப்பாக வழிந்த சாட்சி

அடையாளங்கள் இல்லாமல் இல்லை. 2000 ஏப்ரலில், எரிபொருள் மாற்றுவதற்காக உலையை நிறுத்தியபோது ஒரு புகைப்படம் எடுத்தார்கள். மூடியைச் சுற்றியிருக்கும் சிறு திறப்புகளிலிருந்து செம்மண் குழம்பு போல ஏதோ வழிந்து, கீழே இருக்கும் போல்ட்டுகள் வரை இறங்கியிருக்கிறது. போரிக் அமிலம் வெள்ளை. அது ஏன் சிவப்பாக வருகிறது? உள்ளே இரும்பு துருப்பிடித்துக் கலக்கிறது என்று சொல்ல பெரிய படிப்பு தேவையில்லை. இரும்பு வாளியை மொட்டை மாடியில் மறந்துவிட்டு வந்தவர்கள் எவரும் சொல்லிவிடுவார்கள். அந்தப் படிவு கல்போல இறுகிப்போயிருந்ததால் கடப்பாரை கொண்டு பெயர்த்தார்கள். அப்படியும் முழுவதும் போகவில்லை. மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு உலையை மறுபடி ஓட்டினார்கள்.

இன்னொரு சாட்சி, ஃபில்டர். உலை இருக்கும் கட்டடத்தின் காற்றில் கதிரியக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியில் ஃபில்டர் ஒன்று உண்டு. வழக்கமாக மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். 1999 முதல் அது சீக்கிரம் சீக்கிரமாக அடைபட ஆரம்பித்தது. 2001 இறுதியில் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய நிலை. அடைத்தது துருத்தூள். காற்றைக் குளிர்விக்கும் இயந்திரங்களிலும் அமிலப் படிவு. அவற்றையும் திரும்பத் திரும்பக் கழுவினார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது, யாரும் வேலை செய்யாமல் இருக்கவில்லை. ஃபில்டர்காரர் ஃபில்டரை மாற்றினார். கழுவுகிறவர் கழுவினார். ஒவ்வொன்றும் தனித்தனிப் பராமரிப்பு வேலையாகப் பதிவேட்டில் ஏறி, முடிந்தது என்று குறிக்கப்பட்டது. 'இத்தனை துருவும் எங்கிருந்து வருகிறது?' என்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் கேட்க ஆள் இல்லை. மூடிக்கு மேலே இருக்கும் இணைப்புகள் ஏற்கெனவே கசிந்த வரலாறு உண்டு என்பதால், பழியை அதன்மேல் போட்டுவிடுவது சுலபமாகவும் இருந்தது.

மூடியை நன்றாகப் பார்க்க அங்கே வழியும் இல்லை. சின்னச் சின்னத் திறப்புகள் வழியாகத்தான் கேமராவை விடவேண்டும். அவற்றைப் பெரிதாக்கவேண்டும் என்ற யோசனை 1990-லேயே வந்தது. செலவு பார்த்து ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது.

47 நாள் பேரம்

2001 தொடக்கத்தில் தெற்கு கரோலினாவில் உள்ள ஒக்கோனி நிலையத்தில், இதே மாதிரியான மூடிக் குழாய்களில் ஆபத்தான விரிசல்கள் தெரியவந்தன. குழாயைச் சுற்றி வளையமாக ஓடும் விரிசல். முழுவதும் சுற்றிவிட்டால் குழாயே பிய்த்துக்கொண்டு மேலே பறக்கும். அமெரிக்காவின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விழித்துக்கொண்டது. 2001 ஆகஸ்ட்டில் இந்த வகை உலைகள் எல்லாவற்றுக்கும் கடிதம் போனது. விரிசல் வர அதிக வாய்ப்புள்ள உலைகள் டிசம்பர் 31-க்குள் மூடியைச் சோதித்தாக வேண்டும்.

டேவிஸ்-பெஸ்ஸி அவகாசம் கேட்டு அடம்பிடித்தது. 2002 வசந்தகாலத்தில் எப்படியும் எரிபொருள் மாற்ற நிறுத்தப்போகிறோம், அப்போது பார்த்துக்கொள்கிறோம் என்றது. இடையில் ஒருமுறை நிறுத்தினால் மின்சார விற்பனை போகும், செலவு இரட்டிப்பாகும். 'முந்தைய நிறுத்தங்களில் மூடியைச் சரியாகச் சோதித்திருக்கிறோம்' என்று கடிதமும் எழுதியது. அது உண்மையல்ல என்பது பிறகுதான் வெளியே வந்தது.

ஆணையத்தின் ஊழியர்கள் சும்மா இருக்கவில்லை. உலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவையே நவம்பரில் எழுதித் தயாராக வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் அப்படி ஓர் உத்தரவு அபூர்வம். ஆனால் அது அனுப்பப்படவே இல்லை. பேச்சுவார்த்தை நடந்தது. உலையின் வெப்பத்தைச் சில டிகிரி குறைத்து ஓட்டுகிறோம் என்றது நிறுவனம். கடைசியில் 2002 பிப்ரவரி 16 என்று முடிவானது. கெடு தேதியிலிருந்து 47 நாள் தள்ளி.

பிறகு ஆணையத்தின் உள் கண்காணிப்பாளரே விசாரித்து அறிக்கை கொடுத்தார். நிறுவனத்துக்கு ஏற்படும் பண நஷ்டத்தைக் குறைக்கவேண்டும் என்ற எண்ணம்தான் அந்த முடிவுக்குப் பெரிய காரணம் என்றது அது. அதைவிட முக்கியமான இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. உலை ஆபத்தில் இருக்கிறது என்பதற்கு முழு நிரூபணம் கையில் இருந்தால்தான் நிறுத்தலாம் என்று, எழுதப்படாத ஒரு விதியை ஆணையம் தனக்குத் தானே வைத்துக்கொண்டிருந்ததாம். மூடியைத் திறந்து பார்த்தால்தான் நிரூபணம் கிடைக்கும். நிரூபணம் இருந்தால்தான் திறக்கச் சொல்ல முடியும். இந்த வட்டத்துக்குள் எந்த ஆய்வாளர் என்ன செய்ய முடியும்?

பிப்ரவரி 16-ம் தேதி உலை நின்றது. சோதனையில் குழாய்களில் விரிசல்கள் தெரிந்தன. சரி, எதிர்பார்த்ததுதான் என்று பழுதுபார்க்க ஆரம்பித்தார்கள். மார்ச் முதல் வாரம், மூன்றாம் எண் குழாயில் வேலை செய்துகொண்டிருந்த இயந்திரத்தை வெளியே எடுத்தபோது, குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து பக்கத்துக் குழாயின்மேல் போய் முட்டியது.

சாயவே முடியாத குழாய் அது. சுற்றிலும் அத்தனை தடிமனான எஃகு பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். படிவைச் சுத்தம் செய்துவிட்டுப் பார்த்தால், அங்கே எஃகு இல்லை. அன்னாசிப்பழம் அளவுக்கு ஒரு குழி. அடியில் மிச்சமிருந்தது உட்புற எவர்சில்வர் பூச்சு மட்டும். அதன் தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அழுத்தத்தைத் தாங்குவதற்காகப் போட்ட பூச்சே அல்ல அது. துருவைத் தடுப்பதற்காகப் போட்டது. 150 மடங்கு அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி, அந்த இடம் லேசாக மேல்நோக்கிப் புடைத்திருந்தது. அதிலும் விரிசல் விட ஆரம்பித்திருந்தது.

கதிரியக்கம் எதுவும் வெளியே போகவில்லை, யாருக்கும் காயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூச்சு கிழிந்திருந்தால் உலையின் தண்ணீர் பீறிட்டு வெளியேறியிருக்கும். அந்த மாதிரி நேரத்துக்கென்றே அவசரகாலக் குளிர்விப்பு ஏற்பாடுகள் உண்டு. ஆனால், நிலையம் மூடிக்கிடந்த காலத்தில் அவற்றையும் அலசினார்கள். கீழே தேங்கும் தண்ணீரை வடிகட்டி மறுபடி உலைக்கு அனுப்பும் தொட்டியின் வலை, குப்பையால் அடைபடக்கூடியது என்று தெரிந்தது. அதிக அழுத்தத்தில் தண்ணீர் செலுத்தும் பம்புகளிலும் கோளாறு வர வாய்ப்பிருந்தது. கூரை ஒழுகுகிறது என்று குடையைத் தேடினால், குடையிலும் ஓட்டை!

நல்ல பிள்ளையின் நோட்டு

நிலையத்திலேயே தங்கி வேலை பார்க்கும் ஆய்வாளர்களை அமெரிக்க ஆணையம் ஒவ்வொரு நிலையத்துக்கும் நியமிக்கிறது. டேவிஸ்-பெஸ்ஸியிலும் இருந்தார்கள். அமிலப் படிவு பற்றி அவர்களுக்கும் வட்டார அலுவலகத்துக்கும் தெரிந்தும் இருந்தது. அது தீவிரமானது என்று நினைக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக ஆய்வு செய்யும் தணிக்கை அமைப்பு 2004-ல் சொன்ன காரணம் நம் வகுப்பறைகளுக்கும் பழக்கமானதுதான். டேவிஸ்-பெஸ்ஸி நன்றாக இயங்கும் நிலையம் என்று பெயர் வாங்கியிருந்ததால், கேள்விகளும் சோதனைகளும் குறைந்துபோயின. நன்றாகப் படிக்கும் பிள்ளையின் நோட்டைப் புரட்டாமலே டிக் போடுகிற வாத்தியார் மாதிரி.

இத்தனைக்கும் இந்த நிலையத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1977 செப்டம்பரில் இங்கே ஒரு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. உலை வெறும் 9 சதவிகிதத் திறனில் ஓடிக்கொண்டிருந்ததால் தப்பியது. அதே நிறுவனம் தயாரித்த வேறு உலைகளுக்கு இந்த எச்சரிக்கையைச் சொல்லுங்கள் என்று பொறியாளர்கள் குறிப்பு எழுதினார்கள். குறிப்பு மேசைகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. 1979 மார்ச்சில் அதே தயாரிப்பான த்ரீ மைல் தீவு உலையில் அதே மாதிரி வால்வு சிக்கி, எரிபொருளே உருகிப்போனது.

மூடியை மாற்றி, மற்ற பழுதுகளையும் சரிசெய்து, டேவிஸ்-பெஸ்ஸி மறுபடி இயங்க 2004 மார்ச் ஆனது. 47 நாள் நிறுத்தத்துக்கு யோசித்த இடத்தில் இரண்டு வருட நிறுத்தம். நிறுவனத்துக்கு ஆன செலவு 60 கோடி டாலருக்கும் மேல். 2005-ல் ஆணையம் விதித்த அபராதம் 54.5 லட்சம் டாலர். அதுவரை ஆணையம் விதித்ததிலேயே அதுதான் அதிகம். ஆணையத்துக்குத் தவறான தகவல் கொடுத்த வழக்கில் நிறுவனம் 2006-ல் 2.8 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஊழியர்கள் இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 

ஒழுங்குபடுத்துகிறவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்ற கேள்வி நமக்கும் புதிதல்ல. கூடங்குளத்தில் ஓடும் ரஷ்யத் தயாரிப்பு உலைகளும் அழுத்தத் தண்ணீரில் போரிக் அமிலம் கலந்து இயங்கும் வகைதான். இந்தியாவில் இவற்றைக் கண்காணிப்பது 1983-ல் தொடங்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அந்த வாரியத்துக்குச் சட்டபூர்வமான தன்னாட்சி இல்லை, அபராதங்களும் பயப்படும் அளவுக்கு இல்லை என்று 2012-ல் மத்திய தணிக்கை அறிக்கையே சுட்டிக்காட்டியது. சட்ட அந்தஸ்து தரும் 'சாந்தி' சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2025 டிசம்பரில். நடுவே 13 வருடங்கள்.

டேவிஸ்-பெஸ்ஸிக்குப் போட்ட மாற்று மூடி, மிச்சிகனில் பாதியில் கைவிடப்பட்ட ஒரு நிலையத்துக்காகச் செய்துவைத்தது. மூடியில் என்னென்ன சோதனைகளை எப்போது செய்யவேண்டும் என்று 2003-ல் ஆணையம் எல்லா அழுத்தத் தண்ணீர் உலைகளுக்கும் கண்டிப்பான உத்தரவு போட்டுவிட்டது. 2010-ல் எரிபொருள் மாற்ற நிறுத்தியபோது செய்த சோதனையில், இந்த மூடியின் குழாய்களிலும் விரிசல் தெரிந்தது. இந்தத் தடவை எஃகில் குழி விழவில்லை. அதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். அடுத்த வருடமே, விரிசலை இன்னும் நன்றாகத் தாங்கும் உலோகக் குழாய்களோடு மூன்றாவது மூடி வந்தது.

அதை உள்ளே கொண்டுபோக உலைக் கட்டடத்தின் கான்கிரீட் சுவரில் பெரிய திறப்பு வெட்டவேண்டியிருந்தது. வெட்டியபோது சுவருக்குள்ளும் விரிசல்கள்! வெளிப்புறத்தில் நீர் புகாத பூச்சு அடிக்காமல் விட்டதால், 1978-ல் வீசிய பனிப்புயலின்போது ஈரம் உள்ளே இறங்கி உறைந்ததுதான் காரணம் என்று நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. மூடியை மாற்றப் போனதால்தான் அந்த விரிசல்கள் அப்போது தெரியவந்தன. 2012-ல் வெளிப்பூச்சு அடித்தார்கள். உலைக்கு 2037 வரை ஓட அனுமதி இருக்கிறது.