கருக்கலைப்புக்குக் கருத்தடை நிபந்தனையா?

"காப்பர்-டி போட்டுக்கிறேன்னு சொல்லும்மா, அப்புறம் பார்க்கலாம்." கருவைக் கலைக்க வரும் பெண்ணிடம் இப்படிப் பேரம் பேசும் வழக்கம் நம் மருத்துவமனைகளிலிருந்து இன்னும் ஒழியவில்லை. இரண்டு குழந்தைகள் இருந்துவிட்டால் பேரம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு மாறிவிடுகிறது. இது உடனே நிறுத்தப்பட வேண்டும். 18 வயது நிறைந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் கேட்கும் சம்மதம் அவளுடையது மட்டுமே. கணவரின் கையெழுத்தைக்கூட அது கேட்கவில்லை. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது.

கருத்தடை பற்றிப் பேசவே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கலைப்புக்குப் பின் இரண்டே வாரங்களில் கருமுட்டை வெளிவரலாம். மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருப்பவர் அதற்குள் மீண்டும் கருத்தரித்துவிடக்கூடும். கருவி மூலம் கலைப்பு நடந்தால், நோய்த்தொற்று இல்லாதபோது, காப்பர்-டியை அப்போதே பொருத்தலாம். மாத்திரையால் கலைத்தவர்களுக்குக் கரு முழுதாக வெளியேறியது உறுதியானதும் பொருத்தலாம். இதையெல்லாம் விளக்கிச் சொல்வது மருத்துவமனையின் கடமை. வேண்டுமா, எது வேண்டும் என்று முடிவு செய்வது அவள் உரிமை.

தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிவதுமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' கருத்தடை ஊசியால் மாதவிலக்கு தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால், கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிட்டதோ என்று பயந்து அந்தப் பெண் அடுத்த ஊசிக்கு வரமாட்டார். காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்களில் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். தாங்க முடியவில்லை, எடுத்துவிடுங்கள் என்று வருபவரைத் திட்டித் திருப்பி அனுப்பினால், அவரும் வரமாட்டார், அவர் சொல்லிக் கேட்கும் அக்கம்பக்கத்தவரும் வரமாட்டார்கள். கேட்டவுடன் எடுத்துவிட்டு வேறு முறையைக் கொடுப்பதுதான் முறை.

இன்னும் பெரிய கூட்டம் மருத்துவமனை வாசலையே மிதிப்பதில்லை. 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1.56 கோடி என்றும், அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைகளுக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் 2018இல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிய பெண்ணுக்கு அடுத்து என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை. கிராமச் சுகாதாரச் செவிலியரும் 104 தொலைபேசிச் சேவையும் அவரிடம் குற்றம் விசாரிக்காமல் பேசப் பழக வேண்டும்.

கணவர்களிடமும் பேச வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் நம்பியிருப்பது பெண்களுக்கான கருத்தடை அறுவையை. கணவர் அறுவை செய்துகொண்டது வெறும் 0.3 விழுக்காடு. இத்தனைக்கும் ஆணுக்கான அறுவைதான் எளிது.

கருத்தடைக்கு இலக்கு வைக்கும் முறையைக் கைவிடுவதாக மத்திய அரசு 1996லேயே அறிவித்தது. ஆனாலும் எத்தனை காப்பர்-டி போட்டீர்கள் என்ற கேள்விதான் ஆய்வுக் கூட்டங்களில் செவிலியர்களை விரட்டுகிறது. கருக்கலைப்புக்கு வந்த எத்தனை பேரிடம் எல்லா முறைகளையும் விளக்கினீர்கள், எத்தனை பேரைப் பிறகு விசாரித்தீர்கள், காப்பர்-டியை எடுக்கச் சொன்ன எத்தனை பேருக்கு எடுத்துவிட்டீர்கள் என்று சுகாதாரத் துறை இனிக் கேட்கட்டும்.