அப்கிரேடா, ஃபார்மேட்டா? விண்டோஸ் 10 லேப்டாப்பை கடைக்குக் கொண்டுபோகும் முன் கவனிக்க வேண்டியவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. அதனால் லேப்டாப் ஓடாமல் நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும்.

2017 மே மாதம் உலகையே உலுக்கிய 'வானாக்ரை' வைரஸ், இப்படி அப்டேட் ஆகாத கம்ப்யூட்டர்களில்தான் புகுந்தது. இவ்வளவுக்கும், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது.

விசைத்தறிகள் நிறைந்த ஆர்.கே.பேட்டை போன்ற ஊர்களில் பாவு, நூல் கணக்கு, பிள்ளைகளின் கல்லூரி புராஜெக்ட், குடும்ப போட்டோ என எல்லாமே ஒரே லேப்டாப்பில் இருக்கும் வீடுகள் உண்டு. "ஓ.எஸ். மாத்தணும்" என்று கடையில் கொடுத்தால், திரும்பி வரும்போது அதெல்லாம் இருக்குமா? அங்கேதான் இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

அப்கிரேட் என்றால் என்ன?

இருக்கும் விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றுவது. ஃபைல்களும் பெரும்பாலான மென்பொருட்களும் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் 10 நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். பழைய கோளாறுகளும் கூடவே வரலாம் என்பதுதான் இதில் குறை.

கிளீன் இன்ஸ்டால் என்றால்?

கடைகளில் 'ஃபார்மேட் பண்றது' என்பார்களே, அதுதான். டிஸ்க்கை அழித்துவிட்டு முதலில் இருந்து போடுவது. வைரஸ் புகுந்த, மிகவும் மந்தமான லேப்டாப்புக்கு இதுவே நல்லது. ஆனால் இதில் 10 நாள் அவகாசம் கிடையாது. போனது போனதுதான்.

'டி டிரைவில்தானே வெச்சிருக்கோம்' என்ற நம்பிக்கை போதுமா?

போதாது. சி டிரைவை மட்டும் அழித்தால் டி டிரைவ் தப்பிக்கும். எல்லா பார்ட்டிஷனையும் நீக்கிவிட்டால் அதுவும் போய்விடும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் இரண்டும் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வானவில், பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களும் அழிந்துவிடும். அவற்றில் அடித்த கடிதம் ஃபைலாக இருந்தாலும், எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

பழைய லேப்டாப்புக்கு என்ன வழி?

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான் தொடங்கியது. அந்த ஆரம்பகால லேப்டாப்களில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட முடியாது. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, குறைந்தது 4 ஜி.பி. ரேம், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசசர் தேவை. உங்கள் லேப்டாப் தாங்குமா என்பதை மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியே சொல்லிவிடும்.

தகுதியில்லாத லேப்டாப்பிலும் குறுக்கு வழியில் போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை.

வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸ் 10-லேயே நீடிக்க விரும்பினால், கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேரலாம். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் கட்டணமில்லை. 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது.

இன்னொரு வழி, இலவசமான லினக்ஸ். ஆனால் விண்டோஸுக்காக எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் இயந்திரத்தோடு இணைந்த கம்ப்யூட்டர் என்றால், இயந்திரம் தந்த நிறுவனத்தைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது.

கடைக்குப் போகும் முன்...

* முக்கிய ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பாருங்கள்.
* கணக்கு மென்பொருளின் பேக்கப்பையும் லைசன்ஸ் விவரத்தையும் தனியாக எடுத்து வையுங்கள்.
* "அப்கிரேட் பண்றீங்களா, ஃபார்மேட் பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டே லேப்டாப்பைக் கொடுங்கள்.

விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். காப்பி எடுக்காத கணக்கும் போட்டோவும் அழிந்தால், திரும்பக் கிடைப்பது அரிது.