வற்றிய ஆறு யாருக்கு வயலானது?

1956இல் மீனவர் வாழ்வைச் சொல்லும் இரண்டு நாவல்கள் புத்தகமாயின. ஒன்று மலையாளத்தில் தகழி எழுதிய ‘செம்மீன்’. மறு ஆண்டே சாகித்ய அகாதமி பரிசு. 1965இல் சினிமா. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. மற்றொன்று வங்காளத்தில் வந்த ‘தித்தாஸ் ஒரு நதியின் பெயர்’. எழுதியவர் அத்வைத மல்லபர்மன். அச்சான புத்தகத்தைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1951 ஏப்ரலில் காசநோயில் செத்துப்போனார். வயசு 37.

தகழி நாயர். கரையில் நின்று கடலைப் பார்த்தவர். மல்லபர்மன் மாலோ சாதி. ஆற்றில் மீன் பிடிக்கும் சனம், மேற்கு வங்கத்தில் அட்டவணைச் சாதி. இன்றைய வங்கதேசத்தில் பிராமன்பாரியாவுக்குப் பக்கத்தில், தித்தாஸ் கரையில் 1914இல் பிறந்தார். சின்ன வயசிலேயே தாய் தகப்பன் இல்லை. வலை இழுத்த சனங்களே காசு வசூல் பண்ணி அந்தப் பையனைப் படிக்க வைத்தார்கள். கல்கத்தாவில் பத்திரிகை வேலை. சம்பளம் அந்தச் சனங்களுக்கும் புத்தகங்களுக்குமே போனது.

யார் எழுதினால் என்ன, எழுத்து நன்றாயிருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கட்டும். செம்மீனில் கடலுக்குப் போனவனின் உயிர் கரையிலிருக்கும் பெண்டாட்டியின் கற்பில் தொங்குகிறது. அழிவுக்குக் காரணம் ஒரு பெண்ணின் மனசு. தித்தாஸில் அழிவு அப்படி வருவதில்லை. ஆற்றில் மண் மேடு தட்டுகிறது. வெளியிலிருந்து வந்த ஜாத்ரா நாடக மோகத்தில் சனங்கள் தங்கள் பாட்டை விடுகிறார்கள், ஒற்றுமை உடைகிறது. தண்ணீர் வற்றிய இடம் நிலமாகிறது. ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவன் அதையும் வளைத்துக்கொள்கிறான். தண்ணீரில் உரிமை இருந்தவனுக்குத் தரையில் உரிமை இல்லை. கடைசியில் குப்பமே காலி.

இருண்ட முடிவுதான். நம்பிக்கை இல்லாத எழுத்து என்று இதை ஒதுக்கிவிட முடியாது. யார் கொன்றார்கள் என்று இத்தனை தெளிவாகச் சொல்லும் இருட்டு நமக்கு வேண்டும். நாவலில் அனந்தன் என்றொரு பையன் படிக்கப் போகிறான். அவன் படிப்பு குப்பத்தைக் காப்பாற்றவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் தோழர்களும், வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. நாம யாரு காசுல படிச்சோம்?

இந்த நாவலின் கையெழுத்துப் பிரதி ஒருமுறை தொலைந்துபோனது. மல்லபர்மன் மறுபடி உட்கார்ந்து எழுதினார். காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நண்பர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் காப்பாற்றினார்கள். ஐந்தாண்டு கழித்துப் புத்தகம் வந்தது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனும் 1948இல் காசநோயில்தான் போனார். அச்சேறாமலும் தொகுக்கப்படாமலும் கிடந்த அவர் எழுத்துகள் 50 ஆண்டு கழித்து, 1998இல் ‘அன்னை இட்ட தீ’ என்று புத்தகமாயின. அவருக்குத் தேட ஆள் இருந்தது. நல்லது. நம் சேரிகளில் எழுதிவிட்டுச் செத்தவர்களுக்குத் தேட யார் இருக்கிறார்கள்? செத்தவர் கணக்கில் பத்து ரூபாய் கிடந்தாலும் வங்கியில் வாரிசு யார் என்று கேட்கிறோம். அவர் எழுதிய நோட்டுக்கு வாரிசு யார்? மழையில் ஒழுகும் கூரையும் பழைய பேப்பர்க்காரரும்தானா?

பிச்சாவரம் சதுப்பில் கையால் தடவி மீனும் இறாலும் பிடிக்கும் இருளர் இருக்கிறார்கள். அவர்கள் கதையை வெளியே நின்று எழுதினால் இன்னொரு செம்மீன் கிடைக்கலாம். உள்ளேயிருந்து எழுத வேண்டியவர் இப்போது எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனையாவது படிக்கிறார்? அவர் படிப்பு நிற்காமல் இருக்க நாம் என்ன வசூல் பண்ணினோம்?

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. இறந்துபோன பெரியவர்களின் டிரங்குப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கூத்து நோட்டு, ஒப்பாரி, கடிதம், பாதியில் நின்ற கதை, எதுவானாலும் எடுத்துப் படி எடுங்கள். அசலை வீட்டாரிடமே திருப்பிக் கொடுங்கள். படியை நமக்கு அனுப்புங்கள். பிழை திருத்த வேண்டாம். அவர் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். பக்கம் ஒதுக்குவது எங்கள் பொறுப்பு.