நாளைய முதியோரை இன்றே எண்ணுவோம்



முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, வீரசோழன், திருச்சுழிப் பகுதியில் ஒரே காட்சியைப் பல வீடுகளில் காணலாம். பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்கிறார்கள். வீட்டில் பெரியவர் மட்டும். தூக்கமில்லை, பசியில்லை, யாரிடமும் பேச்சில்லை. விசாரித்தால், "வயசாயிருச்சு சாமி, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வருகிறது.

அது வயது மட்டும்தானா? 2017-18-ல் நாடு முழுவதும் முதியோரிடம் நடத்தப்பட்ட லாசி ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. தங்களுக்கு அந்த நோய் இருப்பதாக மருத்துவர் வழியாக அறிந்திருந்தவர்களோ 0.8 விழுக்காட்டினர் மட்டுமே. அதாவது பத்தில் ஒன்பது பேர் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டை மட்டும் வைத்து நாளைய தேவையைக் கணித்தால், அந்தக் கணக்கு எவ்வளவு தவறாகப் போகும்!

இனி குடியைப் பற்றிப் பார்ப்போம். 2003 நவம்பர் முதல் தமிழகத்தில் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. அன்று 40 வயதில் அந்தக் கடை வாசலில் நின்றவர் இன்று 60-ஐக் கடந்துவிட்டார். அன்று 30 வயதில் நின்றவர் 2033-ல் 60-ஐத் தொடுவார். இவர்களில் சிலர் நிறுத்தியிருக்கலாம், சிலர் இறந்திருக்கலாம். மீதிப் பேர் அந்தப் பழக்கத்தோடுதான் முதுமைக்குள் நுழைகிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதாவது சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னது. அந்த ஆய்வும் 75 வயதோடு நின்றுவிட்டது.

அமெரிக்காவில் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறையின் இளமைக்காலப் பழக்கங்களை வைத்து, 50 வயதைக் கடந்தவர்களில் போதைச் சிகிச்சை தேவைப்படுவோர் 17 லட்சத்திலிருந்து 2020-ல் 44 லட்சமாக உயர்வர் என்று 2003-லேயே எச்சரித்தார்கள். நம் மாநிலத்தில் 2011-ல் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-ல் அது 18 ஆகும் என்பது மக்கள்தொகை வல்லுநர் குழுவின் கணிப்பு. கார்த்திகையில் கண்மாய்த் தண்ணீரைப் பார்த்தே பங்குனிக்குக் கணக்குப் போடும் மண் இது. முதியோர் விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கை ஏன் மறந்தோம்?

முதிய உடலில் மது அதிக நேரம் தங்கும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்து மயக்கத்தையும் கீழே விழுவதையும் வரவழைக்கும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். எனவே, "இன்றோடு விட்டுவிடுங்கள்" என்று அறிவுரை சொல்வது மட்டும் போதாது. மருத்துவரின் துணை வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மருந்து கொண்டுவந்தது. அதே வாசலில் மனநலத்தைப் பற்றியும் குடியைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும் என்று நாம் கோர வேண்டும்.

நாமும் சும்மா இருக்கலாகாது. நம் அன்பியங்கள் ஒவ்வொன்றும் தனித்து வாழும் முதியோரை எண்ணட்டும். வாரம் ஒருமுறை ஒருவராவது அவர்களோடு அமர்ந்து பேசட்டும். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, முதியோர் உதவி எண் 14567 ஆகியவற்றை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல், "அப்பா, ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேளுங்கள்.

அந்தக் கணக்கில் நாமும் ஒருநாள் சேரப்போகிறவர்கள்தாம். சிந்திப்போம், செயல்படுவோம்.